ஒரு 'ஓம்' கொண்டுவந்த இறுதி ஆட்டம்

ஆக்லாந்தில் கல்லூரிப் பெண்களுக்கான கால்பந்துக் கோப்பையின் வரலாறு, நான் அறிந்தவரை இது:

1. முதல் ஆண்டு கோப்பையே கிடையாது. வென்றவர்களுக்கு ஒரு சாக்லேட் டப்பா கொடுத்தார்கள்.

2. அடுத்த ஆண்டு கோப்பை வந்தது. துறைமுகப் பாலத்துக்கு வடக்கே இருக்கும் பெரிய கல்லூரி அதை எடுத்துப் போனது.

3. பிறகும் அவர்களே. இறுதி ஆட்டமும் அவர்களுடைய செயற்கைப் புல் மைதானத்திலேயே நடந்தது.

4. எங்கள் கல்லூரி இரண்டு முறை இறுதிக்குப் போனது. இரண்டு முறையும் தோற்றது.

5. மூன்றாவது முறை இறுதி ஆட்டம் பாபடோயிட்டோயில், எங்கள் மைதானத்தில் நடந்தது.

ஐந்தாவதற்குக் கொஞ்சம் விளக்கம் தேவை.

அந்த ஆண்டு பூவா தலையா போட்டதில் நாங்கள் வென்றோம். ஆட்டம் எங்கள் மைதானத்திலா, அவர்களுடையதிலா என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும். மழையில் எங்கள் மைதானம் குளமாகக் கிடந்தது. புதன்கிழமைப் பயிற்சியில், வடக்கே போவோம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார் பயிற்சியாளர். முதலில் தூக்கியது எங்கள் கேப்டன் அக்கா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், கடைசி வருட மாணவி, எங்கள் கோல்கீப்பர். பின்னாலேயே நாங்கள் எல்லோரும் தூக்கினோம்.

பயிற்சி முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டாள். சனிக்கிழமை மதியம் வரை அவளுக்கு எங்கள் பக்கத்துப் பகுதியான பாட்டனி டவுன்ஸில் கடை வேலை. நேரத்தை மாற்றித் தரக் கேட்டிருக்கிறாள், மேனேஜர் மறுத்துவிட்டார். கார் கிடையாது. பஸ் மாறிப் பாலம் தாண்டி வருவதற்குள் பாதி ஆட்டம் முடிந்திருக்கும்.

"அதுவரைக்கும் கோலுக்குள்ள நீ நில்லு. ஒருத்தருக்கும் சொல்லாத. சொன்னா எனக்காண்டி ஆட்டத்த இஞ்ச வைக்கச் சொல்லுவினம்."

மாற்று கோல்கீப்பர் என்று நான் பெயருக்குத்தான் இருந்தேன். அவளுக்கு அது கடைசி இறுதி ஆட்டம் என்று இரண்டு பேருக்குமே தெரியும். சரி என்றேன்.

வேலை நேரத்தில் கடையில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். அதனால் அணியின் தொடர்பு எண்ணாகத் தன் அம்மாவின் எண்ணைக் கொடுத்திருந்தாள். அம்மாவுக்கு பென்ரோஸில் ஒரு கிடங்கில் இரவு வேலை, பகலில் தூங்குவார். வியாழக்கிழமை காலை போட்டி அமைப்பாளர் அந்த எண்ணுக்கு அழைத்து, "ஹோம்?" என்று, அதாவது உங்கள் மைதானத்திலா என்று கேட்டிருக்கிறார். அரைத்தூக்கத்தில் அம்மா, "ஓம், ஓம்" என்றிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் ஆமாம் என்பதற்கு ஓம். அமைப்பாளர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

அன்று மாலைப் பயிற்சிக்கு அக்கா போனைக் கையில் பிடித்தபடியே வந்தாள்.

"அம்மா கூரியர்க்காரன் எண்டு நினைச்சு ஓம் எண்டு சொல்லிப்போட்டா. இப்பவே எடுத்துத் திருத்திச் சொல்லுறன்."

அப்போது நான் அவளுடைய சனிக்கிழமை வேலையைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பிறகு அணியைப் பார்த்துக் கேட்டாள்: "எனக்காண்டி இந்தக் குளத்துக்குள்ளயோ விளையாடப் போறியள்?"

இடதுபுறத் தடுப்பாட்டக்காரி ஃபிஜியிலிருந்து வந்த குடும்பத்துப் பெண். எப்போதும் ஆங்கிலம்தான், வீட்டில் கேட்ட கொஞ்சம் தமிழ் உண்டு. அந்தக் கொஞ்சத்தில் சொன்னாள்: "அம்மா சொன்னது, போதும்."

பயிற்சியாளருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எங்கள் சிரிப்பைப் பார்த்துவிட்டு அவரும் அழைக்க வேண்டாம் என்றார்.

சனிக்கிழமை காலை இடதுபுறக்காரியின் அப்பா, குழாய் வேலை செய்பவர், வேனில் பம்ப் கொண்டுவந்து தண்ணீரை இறைத்தார். தெற்குக் கோலுக்கு முன்னால் மட்டும் சேறு போகவில்லை. ஆட்டம் தொடங்கச் சற்று முன்பு அக்கா கடைச் சட்டையோடு வந்து இறங்கினாள். உடை மாற்றும் முன் நேராகப் போய் அந்தச் சேற்றைக் காலால் அழுத்திப் பார்த்தாள். தடுப்பாட்டக்காரிகளைக் கூப்பிட்டாள்.

"உயர்த்தி அடிக்க விடாதேங்கோ. நிலத்தோட உருட்டினா விடுங்கோ, நான் பாக்கிறன்."

முதல் பாதியில் ஒரு கார்னர் கிக்கில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். இரண்டாம் பாதியில் தெற்குக் கோல் எங்களுடையது. கடைசி நிமிடங்களில் அவர்களுடைய முன்னணி ஆட்டக்காரி எங்கள் எல்லோரையும் தாண்டிவிட்டாள். அக்கா இடது ஓரமாக விலகி நின்று, சேறு ஆழமாக இருந்த வலப்பக்கத்தைத் திறந்து காட்டினாள். அந்தப் பெண் பந்தை அங்கே நிலத்தோடு உருட்டினாள். பந்து சேற்றில் இறங்கி அப்படியே நின்றது. அக்கா அவசரமில்லாமல் நடந்து போய்க் குனிந்து, பந்தை எடுத்து, சட்டையில் துடைத்தாள். நான் கோலுக்குள் நின்றிருந்தால் வலப்பக்கம் பாய்ந்து சேற்றில் விழுந்திருப்பேன். அவள் காலையில் பார்க்காத மைதானத்தை வந்த சில நிமிடங்களில் படித்திருந்தாள்.

அந்த ஒரு கோலிலேயே வென்றோம். ஆட்டம் முடிந்தபோது அக்காவின் அம்மா வேலி ஓரம் நின்றிருந்தார். இடதுபுறக்காரி ஓடிப்போய்க் கோப்பையை முதலில் அவர் கையில் கொடுத்தாள். அம்மா அதற்கும் "ஓம், ஓம்" என்றார்.

இப்போதைய நிலை இது: இறுதி ஆட்டம் எங்கே என்பதை மின்னஞ்சலில்தான் கேட்கிறார்கள். கோப்பை மறுபடியும் வடக்கே போய்விட்டது. அக்கா கடை வேலையை விட்டுவிட்டாள். சனிக்கிழமைகளில் எங்கள் கல்லூரிப் பெண்களுக்கு கோல் காக்கக் கற்றுக்கொடுக்கிறாள். தெற்குக் கோலுக்கு முன்னால் இன்னும் தண்ணீர் தேங்குகிறது.