கோழி முட்டையிடக் காத்திருந்த ஊர்

நயா பைசா வருவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பு, அணாக் காசு புழங்கிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. சித்திரை மாதம். கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, தேர்வாய் கண்டிகைக்குப் போகிற வழியில் ஒரு சின்னக் கிராமம். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, ஊர் ஊராக நடந்து வீடுகளில் கோழி முட்டை வாங்கும் வேலை செய்துகொண்டிருந்தேன். ஸ்டேஷன் பக்கத்தில் பழவேற்காட்டுப் பாய் ஒருவர் கடை வைத்திருந்தார். நான் கொண்டுபோய்க் கொடுக்கும் முட்டைகளை அவர் மதியப் பாசஞ்சரில் பட்டணத்துக்கு அனுப்புவார்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம் அதிகம். நாலு பேர் சேர்ந்து நின்றால் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிற ஆள் நான். இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதே அதில் பேச்சு வேண்டியதில்லை என்பதால்தான். வாசலில் கூடையை இறக்கி வைத்தால் போதும். பெண்கள் முட்டைகளைக் கொண்டுவந்து எண்ணித் தருவார்கள். நான் ஒவ்வொன்றாக எடுத்து, விரல்களைக் குவித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்து, உமிக்குள் புதைத்து வைப்பேன். காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

வாய் சும்மா இருந்ததால் கண்ணும் கையும் நன்றாகப் பழகிவிட்டன. ஏழெட்டு வருஷத்தில் எனக்கு ஒன்று பிடிபட்டது. ஒரு பெட்டைக்கோழி போடுகிற முட்டை மாதிரி இன்னொரு கோழி போடாது. ஒன்று நீளமாகப் போடும், ஒன்று உருண்டையாகப் போடும். ஒன்றின் ஓடு வழுவழுவென்று இருக்கும், ஒன்றில் மணல் ஒட்டினாற்போல் சொரசொரப்பு இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு தொட்டால்கூட, இது இன்னார் வீட்டுக் கோழியின் முட்டை என்று எனக்குத் தெரியும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படி யாரும் கேட்டதும் இல்லை.

அந்தக் கிராமத்தின் கடைசியில், குடிசையில் தனியாக இருந்த ஒரு பெண்ணிடம் வாராவாரம் முட்டை வாங்குவேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். புருஷன் இல்லை, நிலம் இல்லை. மற்றவர்களின் கோழிகளை வாரத்துக்கு வாங்கி வளர்த்துத்தான் அவர் பிழைத்தார். அதாவது கோழி அவர்களுடையது, வளர்ப்பது இவர். பொரிக்கிற குஞ்சுகளில் பாதி அவர்களுக்கு, பாதி இவருக்கு. அப்படிப் பங்கில் வந்த ஒரு குஞ்சு வளர்ந்து சிவப்புப் பெட்டையாகி, அந்தத் தை மாதத்திலிருந்து முட்டையிட ஆரம்பித்திருந்தது. அது போடும் முட்டையின் நடுவில், அரைஞாண் கட்டினாற்போல் ஒரு மேடு சுற்றி ஓடும். நான் போகிற பத்து ஊரிலும் அப்படி ஒரு முட்டையை வேறெங்கும் பார்த்ததில்லை.

அன்று காலை நான் முட்டைகளை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, ஊர் வழக்குகளைத் தீர்த்துவைக்கிற கிராம முன்சீப் வீட்டு மாட்டுக் கொட்டகைக்கு முன்னால் கூட்டம் கூடியிருந்தது. நடுவில் அந்த அக்கா. எதிரே, ஊரில் நிறைய நஞ்சை வைத்திருந்த பெரிய வீட்டு அம்மா. அந்த அம்மாவின் பண்ணையாள் அந்தச் சிவப்புப் பெட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றான்.

விஷயம் இதுதான். நாலு நாளுக்கு முன் பெரிய வீட்டில் ஒரு சிவப்புப் பெட்டை காணாமல் போயிருந்தது. அக்காவின் குடிசைக்கு முன்னால் மேய்ந்த கோழியைப் பார்த்துவிட்டு, இதுதான் அது என்று பண்ணையாள் பிடித்துவந்துவிட்டான். அடையாளம் என்ன என்று முன்சீப் கேட்டதற்கு, இடது காலில் நடு விரல் நகத்தை வெட்டியிருக்கிறோம், பாருங்கள் என்றார் பெரிய வீட்டு அம்மா. பார்த்தால், வெட்டித்தான் இருந்தது. நானும்தான் வெட்டியிருக்கிறேன் என்று அக்கா அழுதார். உண்மை என்னவென்றால், அந்த ஊரில் பாதிப் பேர் இடது கால் நடு விரல் நகத்தைத்தான் வெட்டுவார்கள். அடையாளம் வைக்க எல்லோருக்கும் தோன்றியது அந்த ஒரே இடம்தான். பெரிய வீட்டு அம்மா பொய் சொல்லுகிறவர் இல்லை. தன் கோழி என்று மனதார நம்பித்தான் பேசினார். கஷ்டமே அதுதான்.

அக்கா என்னைப் பார்த்துவிட்டார்.

"நைனா, நீ வாரா வாரம் வந்து வாங்கிக்கினு போறியே. நீ சொல்லு, இது எங்கோழியா இல்லியா?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அத்தனை கண்களையும் என்னால் பார்க்க முடியவில்லை. தலையிலிருந்த சும்மாட்டைச் சரி செய்வதுபோல் பாவனை செய்துகொண்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நடந்துவிட்டேன். ஆமாம், நடந்துதான் விட்டேன். இதை எழுதுவதற்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

முப்பது நாற்பது அடி போயிருப்பேன். பின்னால் யாரோ ஒரு பெண் சொன்னது கேட்டது. "இனிமே ஒரு வூட்லயும் இவளுக்கு வாரத்துக்குக் கோழி குடுக்காதீங்க."

கோழி போனால் இன்னொரு கோழி வரும். திருடி என்று பெயர் விழுந்துவிட்டால், வாரத்துக்கு யார் கொடுப்பார்கள்? அவர் வீட்டில் அடுப்பு எரிவது அதை நம்பித்தான். என் கால் நின்றுவிட்டது. பிறகு திரும்பி நடந்தேன். கூடையை இறக்கி வைக்கக்கூடத் தோன்றவில்லை. தலையில் கூடையோடு கூட்டத்துக்குள் நுழைந்து, "அந்தக் கோழி இந்த அக்காவுதுதாங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

"ஏன், கோழி வந்து உங்காதுல சொல்லிச்சா?" என்றான் பண்ணையாள். எல்லோரும் சிரித்தார்கள்.

முட்டையைப் பார்த்தால் எந்தக் கோழி என்று சொல்லிவிடுவேன் என்றேன். அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். முன்சீப் மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே குரல் கொடுத்து, தன் வீட்டு முட்டைகளில் நாலைந்தைக் கொண்டுவரச் சொன்னார். அவர் மனைவி ஒரு முறத்தில் ஐந்து முட்டைகளைக் கொண்டுவந்து வைத்தார். தலைக் கூடையை இறக்கி வைத்தேன். முட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஒரு கோழி போட்டவை இரண்டை ஒரு பக்கமும், இன்னொரு கோழி போட்டவை இரண்டை மறுபக்கமும் பிரித்து வைத்தேன். மீந்த ஒன்று இளம் பெட்டையின் முதல் முட்டை, ஓட்டில் லேசாக ரத்தக் கீற்று இருக்கிறது என்றேன்.

"செரியாத்தான் சொல்றாரு. அந்தக் கருப்புப் பெட்ட நேத்துதான் மொத முட்ட போட்ச்சு" என்றார் முன்சீப் மனைவி.

சிரிப்பு அடங்கிவிட்டது. எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. பெரிய வீட்டு அம்மா இரண்டு வாரமாக எனக்கு முட்டை விற்கவில்லை. அடை வைப்பதற்காகத் தவிட்டுப் பானையில் சேர்த்து வைக்கிறேன் என்று சொல்லியிருந்தார். அந்தப் பானையைக் கொண்டுவரச் சொல்லும்படி முன்சீப்பைக் கேட்டேன். காணாமல் போன கோழியின் முட்டைகளும் அதில்தான் இருக்க வேண்டும். பானை வந்தது. பத்துப் பன்னிரண்டு முட்டைகளைத் தவிட்டிலிருந்து எடுத்து வரிசையாக வைத்தார்கள். எல்லாமே வழுவழுப்பாக இருந்தன. ஒன்றிலும் மேடு இல்லை. இந்தக் கோழி போடுகிற முட்டையில் நடுவே சுற்றி ஒரு மேடு இருக்கும், முட்டையிட்டதும் நீங்களே தடவிப் பாருங்கள் என்றேன். நேற்று உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் முட்டையிட்டது, இன்றும் போடும் என்றார் அக்கா.

சரி, காத்திருப்போம் என்றார் முன்சீப். மாட்டுக் கொட்டகை மூலையில் வைக்கோலைப் பரப்பி, கோழியை விட்டு, மேலே ஒரு கூடையைக் கவிழ்த்தார்கள். கூட்டம் முழுவதும் கூடையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. கூடையின் இடுக்கு வழியாகப் பத்துப் பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோழி கழுத்தை நீட்டி அவர்களைப் பார்த்தது. சுற்றிச் சுற்றி வந்தது. படுக்கவே இல்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. "கோழிக்கு ஒரு ஜோசியம் பாக்கலாமா?" என்று பண்ணையாள் கிண்டல் செய்தான்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. கோழி சில நாள் முட்டையிடாமல் விட்டுவிடும். போட்டாலும் இன்றைக்கென்று பார்த்து மேடு இல்லாமல் போட்டுவிட்டால்? அக்காவைக் காப்பாற்ற வந்து, நானே அவரைக் குழியில் தள்ளினவனாகிவிடுவேன். அக்கா யாரையும் பார்க்காமல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் என்னால் தாங்க முடியவில்லை. "எல்லாரும் இப்டி சுத்தி குந்தி பாத்துக்கினு இருந்தா, அது எப்டிங்க முட்ட போடும்?" என்றேன்.

அது கோழிக்காகச் சொன்னதா, எனக்காகச் சொன்னதா என்று இன்றுவரை எனக்கே தெரியாது. இந்தத் தடவை சிரித்தது முன்சீப். எல்லோரையும் எழுப்பித் தெருவுக்கு அனுப்பிவிட்டு, கூடையின் மேல் ஒரு கோணியைப் போட்டார். நாங்கள் வெயிலில் நின்றோம். தூரத்தில் மதியப் பாசஞ்சர் ஊதிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. என் முட்டைகளைப் பற்றி அப்போது எனக்கு நினைப்பே இல்லை.

ரயில் சத்தம் அடங்கிக் கொஞ்ச நேரத்தில் கொட்டகைக்குள்ளிருந்து கொக்கரிப்பு கேட்டது. முன்சீப் தனியாக உள்ளே போனார். திரும்பி வரும்போது உள்ளங்கையில் முட்டை இருந்தது. கட்டை விரலால் அதன் நடுவில் தடவிக்கொண்டே வந்தார். அதைப் பெரிய வீட்டு அம்மாவிடம் நீட்டினார்.

அந்த அம்மா அதை வாங்கி நகத்தால் சுற்றிலும் கீறிப் பார்த்தார். பானை முட்டை ஒன்றை இன்னொரு கையில் எடுத்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முட்டை கை மாறிக் கை மாறிக் கூட்டம் முழுவதும் போயிற்று. என் கைக்கு வந்தபோது அத்தனை பேர் பிடித்த சூடு அதில் இருந்தது. மேடு நன்றாகவே இருந்தது.

பெரிய வீட்டு அம்மா தானே உள்ளே போய்க் கோழியைப் பிடித்துவந்தார். "எங்கோழிய கீரிதான் தூக்கினு போயிருக்கும். இந்தா, புடி" என்று அக்காவின் கையில் கொடுத்தார். அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் அடுத்த மாதமே இரண்டு பெட்டைகளை வாரத்துக்குக் கொடுத்தனுப்பினார். ஊரில் அதற்குமேல் யாரும் வாய் திறக்கவில்லை.

அக்கா எனக்கு நன்றி சொல்வார் என்று நினைத்தேன். கோழியை அணைத்துக்கொண்டு என்னிடம் வந்தவர், "இத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? வாயில கொயக்கட்டையா வச்சினிருந்த?" என்று திட்டினார். திட்டிவிட்டு அழுதார். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்துவிட்டேன்.

கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது பாய் கோபமாக இருந்தார். இந்த வெயிலில் முட்டை ஒரு நாள் தங்கினால் என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டார். நான் வழக்கம்போல் தலை குனிந்து நின்றேன். சந்தைக்கு வந்த ஒருவர் மூலமாக மாலையில் அவருக்குக் கதை தெரிந்துவிட்டது. மறுநாள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இத்தினி நாளா உன்ன ஊமைன்னு இல்ல நெனச்சினிருந்தேன்" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். அதன் பிறகு அந்தப் பக்கத்து ஊர்களில் எனக்கு 'முட்ட சாட்சி' என்று பெயர் விழுந்தது. கேலியாகத்தான் கூப்பிட்டார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. இன்னும் நாலு பேர் சேர்ந்து நின்றால் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். இதைக்கூட எழுதத்தான் முடிந்தது, யாரிடமும் உட்கார்ந்து சொல்ல முடியவில்லை. தலையில் முட்டைக் கூடையோடு நான் எத்தனையோ மைல் நடந்திருக்கிறேன். ஆனால் அன்று அந்தக் கூட்டத்தை நோக்கித் திரும்பி நடந்த முப்பது நாற்பது அடியைத்தான், நான் நடந்த நடை என்று பெருமையாக நினைத்துக்கொள்கிறேன்.