எங்கள் வலையில் வைத்த வாசல்

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் நான் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். என் அண்ணன் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகு வைத்து இறால் பிடிக்கிறார். அவர் தொழிலில் நான் தலையிட்டதில்லை. என் பாடத்தை அவர் மதித்ததில்லை. அமெரிக்கா எங்கள் கடல் இறாலை வாங்க மாட்டேன் என்று சொல்லும்வரை இது சௌகரியமாகவே இருந்தது.

காரணம் ஆமை. இழுவலையில் சிக்கிக்கொள்ளும் கடலாமை மேலே வந்து மூச்சுவிட முடியாமல் செத்துப்போகிறது. அது தப்பிக்க வழி வைத்த வலையில் பிடித்த இறாலைத்தான் வாங்குவோம் என்பது அந்த நாட்டின் சட்டம். வலையின் கழுத்தில் ஒரு கம்பிச் சட்டத்தைச் சாய்வாக வைத்துத் தைக்க வேண்டும். இறால் கம்பிகளின் இடைவெளியில் புகுந்து பின்னால் உள்ள மடிக்குப் போய்விடும். ஆமை கம்பியில் முட்டி, மேலே உள்ள திறப்பு வழியாக வெளியேறிவிடும். “சட்டம் போட்டாங்க சரி, அத என் வலையிலயே வெச்சு தெக்கணும்னா எப்படி?” என்று அண்ணன் துறைமுகம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒருநாள் வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் போன் செய்தார்.

“ம்மா, அந்த நாட்டுலேர்ந்து ஒரு அம்மா வர்றாங்களாம். அந்தக் கம்பி வெச்ச வலைய நம்ம போட்டுலதான் சோதிச்சுப் பாக்கப்போறாங்க. கூட ஆபீசரு வருவாரு, ஆனா நான் திட்டுனா அத அவரு இங்கிலீசுல நன்றின்னு மாத்திப்புடுவாரு. நீ வா. சொல்றத சொன்னபடி சொல்லணும்.”

“என்னண்ணா சொல்லப்போற?”

“நம்ம கடல்ல நம்ம வலை எப்படி இருக்கணும்னு சொல்ல அவுங்க யாரு? நாம ஓட்டுப் போட்டமா அவுங்களுக்கு?”

“அதுக்குப் பேருதான் இறையாண்மை” என்றேன்.

“அது என்னா எழவோ, அத கேளு.”

விடியலில் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாள் ஏற்கெனவே வந்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, நெட்டையான உருவம். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணி கொடுத்த சுக்குக் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, தன் கேள்வியை நீட்டி முழக்கிக் கேட்டார். கடைசி நேரத்தில் எனக்குத் தைரியம் போய்விட்டது. “இந்தச் சட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறார்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அந்த அம்மாள் அண்ணனையே பார்த்தார். “அவர் முகம் அப்படிச் சொல்லவில்லையே” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் கேட்டதை உள்ளபடியே சொன்னேன். பக்கத்தில் நின்ற மீன்வளத்துறை அதிகாரி கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

“எனக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை” என்றார் அந்த அம்மாள். “உங்கள் கடலில் எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. எங்கள் கடையில் எதை வாங்கலாம் என்று எங்கள் மக்கள் முடிவு செய்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.”

அண்ணன் தாடையைச் சொறிந்தார். “அவுங்க கடை, அவுங்க இஷ்டம். நியாயந்தான். ஆனா அவுங்க வாங்கலன்னா இங்க வெல வுழுதே, அது யாரு இஷ்டம்னு கேளு.”

கேட்டேன். அந்தக் கேள்வி நியாயமானது என்று அவர் ஒப்புக்கொண்டார்.

அண்ணன் அதோடு நிறுத்தவில்லை. குரல் மட்டும் இறங்கிவிட்டது. “இன்னொன்னும் சொல்லு. எங்கள ஆமைய கொல்றவங்கன்னு எழுதுறாங்களாமே. ஆமை எங்களுக்கு சாமி. உசுரோட வந்தா மஞ்ச குங்குமம் வெச்சி கும்புட்டு வுடுறோம். செத்து வந்தா அன்னிக்கு எனக்கு சோறு எறங்காது.”

இத்தனை நாள் அவர் கத்தியதெல்லாம் வலைக்காக என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

அந்த அம்மாள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். அவருடைய அப்பாவும் இழுவலை போட்டு இறால் பிடித்தவராம். அங்கே இந்தச் சட்டம் வந்தபோது அவரும் தெருவில் இறங்கிக் கத்தினாராம். பள்ளியில் மற்ற பிள்ளைகள் தன்னை ஆமைக்கொலைகாரன் மகள் என்று கூப்பிட்டதைச் சொன்னார்.

“அப்புறம் உங்கப்பா என்ன பண்ணாரு?” அண்ணன் நேராக அவரிடமே தமிழில் கேட்டார். நான் மாற்றிச் சொன்னேன்.

“கொஞ்ச நாள் கத்திப் பார்த்தார். அப்புறம் ஊசியை எடுத்துக் கம்பிச் சட்டத்தைத் தானே தைத்துக்கொண்டார்.”

“சரி, ஏறச் சொல்லு” என்றார் அண்ணன்.

படகு கழிமுகம் தாண்டியதும் எனக்குத்தான் வாந்தி வந்தது. மீன்பிடிக் குடும்பத்துப் பெண் கவிழ்ந்து கிடக்க, வெளிநாட்டு அம்மாள் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அண்ணனுக்கு அது பெரிய வேடிக்கை. “பாடம் நடத்துனா ஒடம்பு இப்படித்தான் ஆவும்” என்றார்.

சோதனைக்காக அதிகாரி கொண்டுவந்த, கம்பிச் சட்டம் தைத்த வலையில், அந்த அம்மாள் ஒரு சிறிய கேமராவையும் கட்டியிருந்தார். வலையை இறக்கி, இழுத்து, தூக்கியபோது மடி நிறைய இறால். வழக்கமாக அதோடு கொழகொழவென்று வந்து குவியும், பட்டால் தோல் தடிக்கும் சொறிமீன் என்னும் ஜெல்லிமீன் அன்று ஒன்றிரண்டுதான். பெரிய சொறியெல்லாம் கம்பியில் முட்டி வெளியே போய்விட்டது.

கேமராவைக் கழற்றி எடுத்து, படகு ஓட்டும் அறையில் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தோம். கலங்கிய பச்சைத் தண்ணீர். சொறிமீன்கள் பலூன் மாதிரி மேலே போய்க்கொண்டிருந்தன. திடீரென்று ஒரு ஆமை. கம்பியில் முட்டியது, தடுமாறியது, மறுபடி முட்டியது. அண்ணன் திரையிடம் கெஞ்சினார்: “மேல போ, தாயீ, மேல!” ஆமை தலையைத் தூக்கி, வாசலில் தொங்கிய வலைத்துண்டைத் தள்ளிக்கொண்டு நீந்திப் போனது. அண்ணன் கைதட்டினார். அதிகாரியும் தட்டினார். நான் வாந்தியை மறந்தேன்.

தட்டி முடிப்பதற்குள் அதே வழியில் கூடை அகலத்துக்கு ஒரு திருக்கை மெதுவாகச் சிறகை வீசிக்கொண்டு வெளியேறியது.

“ஐயையோ! என் திருக்கை!” அண்ணன் திரையைப் பிடிக்கப் போனார். “ஆமைய வுடச் சொன்னா திருக்கையையும் சேத்து வுட்டுட்டாங்களே! கம்பிய கொஞ்சம் அகலமா வெக்கச் சொல்லும்மா.”

அந்த அம்மாளுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் இடைவெளியை மாற்றுவது தன் கையில் இல்லை, மேலே இருப்பவர்களைக் கேட்க வேண்டும் என்றார்.

“அப்ப இவுங்களுக்கும் மேல ஆளு இருக்கா?” அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. “மொதல்லயே சொல்லக் கூடாதா?” அதற்குப் பிறகு கரை வரும்வரை அவரைச் சுக்கானைப் பிடிக்கவிட்டார்.

அடுத்த வாரம் ஊர்க்கூட்டம். பாதிப்பேர் வேண்டாம் என்றார்கள். வெளிநாட்டான் சொன்னதற்காக வலையை வெட்டினால் நாளைக்கு எதை வெட்டச் சொல்வான் என்று ஒருவர் கேட்டார். அது சரியான கேள்வி என்றுதான் எனக்குப் பட்டது. அண்ணன் எழுந்து கேமராவில் கண்டதைச் சொன்னார். திருக்கை போனதையும் மறைக்கவில்லை. கூட்டத்தில் பெண்கள் பேசும் வழக்கமில்லை. ஆனால் அண்ணியும் இறால் பிரிக்கும் பெண்களும் கோயில் மதிலோரம் நின்றிருந்தார்கள். அண்ணி அங்கிருந்தே சத்தம் போட்டாள்:

“சொறி பட்டு ராத்திரியெல்லாம் கை நமைக்கிறது எங்களுக்கு. நீங்களா வந்து பிரிக்கிறீங்க? ஆமைக்கு இல்லன்னாலும் எங்களுக்காவது வெய்யுங்க!”

மற்றப் பெண்களும் தங்கள் தடித்த கைகளைத் தூக்கிக் காட்டினார்கள்.

ஊர்ப் பெரியவர் ஒரு வழி சொன்னார். யார் சொல்லியும் நாம் இதைச் செய்யவில்லை. இது நம் ஊர்க் கட்டுப்பாடு. மீறினால் ஊருக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். கம்பிச் சட்டத்தை அரசாங்கம் சும்மா தர வேண்டும்; கம்பி இடைவெளியைப் பற்றி நம் குறையையும் மேலே அனுப்ப வேண்டும். எல்லோரும் கை தூக்கினார்கள். உலகத்துக்கு உடன்பட்டும் தலை குனியாமல் வீட்டுக்குப் போனது எங்கள் ஊர்.

அந்தக் குறையை நான்தான் ஆங்கிலத்தில் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. இறாலை அமெரிக்கா மறுபடி வாங்குவது பற்றியும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. இதற்கிடையில் வேறொரு துறைமுகத்துப் படகுகள் கம்பிச் சட்டம் இல்லாமல் எங்கள் பக்கம் வந்து வலை இழுக்க, அண்ணன் ஒலிபெருக்கியில் அவர்களோடு சண்டை போட்டிருக்கிறார்: “கடல் என்னா உங்க வூட்டுக் கொல்லையா? உங்க இஷ்டத்துக்குப் பண்ணுவீங்களா?”

இதை எனக்குச் சொன்னது அண்ணிதான், சிதம்பரத்துக்கு ஒரு வாளி இறாலோடு வந்தபோது. சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அன்று சமையலறையில் இருவரும் உட்கார்ந்து இறால் உரித்தோம். அவள் கையில் சொறி பட்ட தடிப்பு ஒன்றும் இல்லை. வேகமாக உரித்தாள். நான் உரித்ததை மறுபடி எடுத்துச் சரிசெய்து வைத்தாள்.