தந்தி ஊசியும் ஆடாத பூமியும்

தந்தி ஆபீஸ் என்றால் தந்தி அடிக்கிறவரைத்தான் ஊருக்குத் தெரியும். பின்கட்டில் பாட்டரி ஜாடி கழுவி, அதில் மயில்துத்தம் போட்டு, குழிக்குத் தண்ணீர் ஊற்றுகிற ஒருத்தன் இருப்பது யாருக்கும் தெரியாது. பெங்களூரில் பட்டாளத்துக்காரர்கள் இருந்த தண்டுப் பக்கம் ஒரு சின்ன ஆபீஸில் அந்த ஒருத்தனாக நான் முப்பது வருஷம் இருந்தேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. இன்னொருத்தர் வாங்க வேண்டிய பேச்சையும் சேர்த்து வாங்கிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நான் சொல்வது சுலபமாகப் புரியும்.

குழிக்குத் தண்ணீர்

ஒரு ஊருக்குத் தந்தி போகக் கம்பி ஒன்றுதான். போகிற மின்சாரம் கம்பி வழியாகப் போகும், திரும்பி வருவது மண் வழியாக. அதற்காகப் பின்கட்டில் ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டி, செம்புத் தகடு இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடியிருந்தார்கள். அந்த மண் காயக்கூடாது. தினம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவது என் வேலை.

ஒரு கோடையில், பிளாக்பள்ளியிலிருந்து மகளுக்குப் பிரசவமான செய்தியைத் தந்தி கொடுக்க வந்த அம்மா ஒருத்தி, காத்திருக்கிற நேரத்தில் பின்பக்கம் வந்து நான் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு செடியும் இல்லையே என்றாள். மண்ணுக்குத்தான் ஊற்றுகிறேன் என்றேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவள் சொன்னது: "எங்க தெருவுல குடிக்கத் தண்ணியில்ல, நீ வெறும் மண்ணுக்கு ஊத்துற. சர்க்கார் சம்பளம் வாங்கினா புத்தி இப்படித்தான் போவுமா?"

தேவசகாயம் சார்

எங்கள் ஆபீஸில் தந்தி அடிக்கிறவர் தேவசகாயம் சார். ஒவ்வொரு கம்பிக்கும் அவர் மேஜையில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஒரு ஊசி. யாராவது தந்தி அடித்தால் ஊசி அடித்துக்கொள்ளும், இல்லாவிட்டால் நேராக நிற்கும். எப்போதாவது, யாருமே அடிக்காதபோது, தானாக ஒரு பக்கம் சாய்ந்து கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். அது பூமிக்குள் ஓடுகிற மின்சாரம், ஒன்றும் செய்யாது என்பார்கள் எல்லாரும். சார் மட்டும், பூமி ஆடுவதற்கு முன்னால் அப்படிச் சாயும் என்பார்.

காரணம் இருந்தது. இள வயசில் அவருக்கு வடக்கே வேலை. ஒரு நாள் காலையில் ஊசி அரைமணி நேரம் சாய்ந்தே இருந்ததாம். ஏதோ அழுக்கு என்று நினைத்து கருவியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குள் பூமி ஆடி, வீட்டுக் கூரை இறங்கி, சம்சாரம் போய்விட்டார். பக்கத்து வீட்டுக்காரி தூக்கிக்கொண்டு வெளியே நின்ற கைக்குழந்தை மட்டும் பிழைத்தது. அந்தக் குழந்தைதான் லிங்கராஜபுரம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற ஸ்டெல்லா டீச்சர். அன்றிலிருந்து ஊசி சாய்ந்தபோதெல்லாம் சார் ஒரு நோட்டில் குறித்துவைப்பார். சாய்ந்தால் நிச்சயம் ஆடும் என்று அவர் என்னிடம் ஒரு நாளும் சத்தியம் செய்ததில்லை. இவ்வளவுதான் சொன்னார்: "அது சும்மாவும் சாய்ஞ்சிருக்கலாம், முனுசாமி. ஆனா அன்னைக்கு நான் வீட்டுக்குப் போகாம துடைச்சுக்கிட்டு இருந்தேன்பா."

மைதானத்தில் ஒரு பகல்

அதே கோடையில் ஆபீஸ் குழாயும் நின்றது. தூரத்துக் கிணற்றிலிருந்து நான் சுமந்து வருகிற ஒரு குடம், ஆபீஸ்காரர்கள் குடிக்கவே போதவில்லை. குழிக்கு நாலு நாள் நான் ஊற்றவில்லை. முதுகு வலி, யாரும் கேட்கவுமில்லை, விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் காலை, வேலையில்லாமல் நின்ற கம்பியில் ஊசி வெடவெடவென்று துடித்தது. சார் எழுந்தார். ஆபீஸுக்குப் பெரியவர், சட்டைக்காரர் என்று நாங்கள் சொல்கிற ஆங்கிலோ இந்திய மாஸ்டர்; அவரிடம் சொன்னார். உட்காரும் என்றார் மாஸ்டர். சார் உட்காரவில்லை. தெருவில் கடைகடையாகச் சொல்லிவிட்டு, ஜட்கா பிடித்து மகளுடைய பள்ளிக்கூடத்துக்குப் போனார். கடை சாத்தியவர்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அவரவர் பக்கத்து மைதானத்தில் சாயங்காலம்வரை வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தன. பூமி அசையவில்லை.

இன்னொரு தடவை இப்படிச் செய்தால் கருவியைத் தொடவே விடமாட்டேன் என்று மாஸ்டர் எழுதியே கொடுத்துவிட்டார். சாருக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். மறுநாள் காலையில் நான் வருகிற வழியில், எதிர்க் கடைக் கசாப்பு பாய் கத்தியைத் தீட்டிக்கொண்டே நிதானமாகக் கேட்டார்: "என்னா முனுசாமி, இன்னைக்கும் பூகம்பம் இருக்கா? இருந்தா இப்பவே சொல்லு, ஆடு நக்கோ, வேணாம்னு சொல்லி அனுப்பிடறேன்."

நான் ஒத்துக்கொண்டது

குழியில் கையை விட்டுப் பார்த்தேன், வெறும் புழுதி. எனக்குப் புரிந்துபோயிற்று. மண் காய்ந்தால் ஒரு கம்பியின் மின்சாரம் கீழே இறங்க வழியில்லாமல் பக்கத்துக் கம்பியில் ஏறும், சும்மா இருக்கிற ஊசி துடிக்கும். பாட்டரி வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக் கொடுத்த பாடம்.

ஒரு நாள் முழுக்க அதை வயிற்றில் வைத்துக்கொண்டு திரிந்தேன். மாஸ்டருக்குத் தெரிந்தால் என் வேலை போகும். சாரோ, குற்றம் இவனுடையது என்று என்னைக் காட்டி ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடுவார். கடைசியில் அவரிடமே போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னார்: "துடிக்கறதுக்கும் சாயறதுக்கும் வித்தியாசம் பார்க்காத ஆள் நான்தானே? நீ போய்த் தண்ணி ஊத்து."

மாஸ்டர் காதுக்கு அது கடைசிவரை போகவில்லை.

என்னிடம் வந்தவர்கள்

பூமி ஆடுமா என்று சாரிடம் கேட்கக் கூச்சப்பட்டவர்களெல்லாம் என்னிடம் வந்தார்கள். கல்யாணத்துக்கு நாள் குறிக்கலாமா என்று ஒருத்தர். பரணில் இருக்கிற பித்தளைப் பாத்திரங்களைக் கீழே இறக்கட்டுமா என்று ஒரு அம்மா. எனக்குத் தெரியாது என்றால் மறைக்கிறேன் என்பார்கள், ஒன்றும் வராது என்றால் எழுதிக் கொடு என்பார்கள். சாப்பிட உட்கார்ந்தால்கூட விடுவதில்லை.

அல்சூரில் மாடி கட்டிக்கொண்டிருந்த கன்னடக்கார மேஸ்திரி ஒருத்தர் வாரம் தவறாமல் வருவார். எனக்கும் பூமிக்கும் அப்படியொன்றும் பழக்கமில்லை என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கேட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் சொன்னது: "இருக்கட்டும் ஸ்வாமி, தளம் போடற வரைக்கும் பொறுத்துக்கோன்னு ஸ்வல்ப சொல்லி வையுங்க."

மழை நாள்

மழைக்காலம் வந்தது. குழியில் தண்ணீர் தானே நின்றது. ஒரு நாள் முற்பகல் சார் என்னைக் கூப்பிட்டார். ஊசி சாய்ந்திருந்தது. துடிப்பே இல்லை, யாரோ விரலால் தள்ளிப் பிடித்துக்கொண்ட மாதிரி அப்படியே நின்றது. நான் ஓடிப்போய்க் குழியைப் பார்த்தேன், ஜாடிகளைப் பார்த்தேன், கம்பி முடுக்கிய இடமெல்லாம் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அதைச் சொல்லும்போது, ஏதாவது கெட்டிருக்கக்கூடாதா என்று எனக்குத் தோன்றியது. சார் மாஸ்டர் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். நோட்டில் நேரத்தைக் குறித்தார். குடையை எடுத்துக்கொண்டு, என்னையும் வரச்சொல்லி வெளியே நடந்தார். இந்தத் தடவை தெருவில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் பூமி ஆடவில்லை. அந்த வாரமும் ஆடவில்லை. வேறு எங்கேயாவது ஆடியதாகவும் செய்தி இல்லை. அடுத்த நாள் சாரைக் கருவியிலிருந்து எடுத்து, ஜனங்கள் எழுதித் தருகிற தந்தி பாரங்களை ஜன்னலில் வாங்கிப் போட உட்கார வைத்தார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். வேலை நேரத்தில் குழியை விட்டுப் போனதற்கு எனக்கும் அபராதம் விழுந்தது.

ஆனால் அன்றைக்கு லிங்கராஜபுரத்தில் நாங்கள் போய் நின்றபோது, வகுப்புக்குள்ளிருந்த ஸ்டெல்லா டீச்சர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார், நனைந்த குடையைப் பார்த்தார். கோடையில் நடந்ததற்கு அவரும் தலைமை டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்தான். பெருமூச்சு விட்டார். கையிலிருந்த சாக்கட்டியை வைத்துவிட்டு, முப்பது பிள்ளைகளையும் வரிசையாகத் தூறலில் இறக்கி மைதானத்தின் நடுவில் நிறுத்தினார். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். அப்புறம் அப்பாவின் குடைக்குள் வந்து நின்று, கோபமும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல் கேட்டார்: "யாராவது கேட்டா இன்னைக்கு ட்ரில்னு சொல்லிக்கறேன்ப்பா. எவ்வளவு நேரம் நிக்கணும்?"

பூமி எப்போது ஆடும் என்பது ஊசிக்குத் தெரியுமோ தெரியாதோ எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் அது ஆடாமல் இருந்த நாட்களுக்குத்தான் நாங்கள் அதிகமாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.