செண்டைக்கு வராத அம்மன்

எங்கள் அம்மன் கோயில் உற்சவத்துக்கு அந்த வருஷம் செண்டை மேளம் ஏற்பாடு செய்தது நான்தான். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை. கமிட்டியில் பெண்களும் வேண்டும் என்று முதல் தடவையாக என்னைச் சேர்த்தார்கள். முதல் கூட்டத்திலேயே வாயைத் திறந்தேன். தென்காசிப் பக்கத்திலிருந்து வருஷாவருஷம் உறுமி மேளம் வரவழைப்பது எதற்கு, நாம் இருப்பது கொச்சி மட்டாஞ்சேரியில், இங்கே இல்லாத கொட்டுக்காரர்களா என்று கேட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எர்ணாகுளத்தில் வக்கீல் ஆபீசில் வேலை பார்ப்பவள், மலையாளத்தில் மனு எழுதுபவள், இவளுக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் தெருவில் ஒரு நினைப்பு. அந்த நினைப்பு எனக்கும் இருந்தது.

உண்மைக் காரணம் வேறு. பள்ளியில் படிக்கும்போது, உற்சவத்துக்கு மறுநாள் கூடப் படிக்கும் பிள்ளைகள் டெஸ்க்கை விரலால் தேய்த்து உறுமிச் சத்தம் எழுப்பி, ‘பாண்டிக் கொட்டு’ என்று சிரிப்பார்கள். தமிழர்களுக்கு இங்கே பாண்டி என்றுதான் கேலிப் பெயர். அதிலிருந்து உற்சவ நாளில் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். முப்பது வருஷம் தவறாமல் வந்த காய்ச்சல் அது. இந்த முறை கமிட்டி ஆள் என்ற பெருமையில் ஆபீசிலிருந்து இரண்டு பேரை வேறு கூப்பிட்டிருந்தேன். அவர்கள் முன்னால் அந்தச் சத்தம் வேண்டாம் என்று நினைத்தேன்.

கரகம் எடுப்பவன் என் தம்பி. கார்ப்பரேஷனில் சாக்கடை ஓடை சுத்தம் செய்யும் வேலை. குடிக்காமல் அந்த நாற்றத்தில் இறங்க முடியாது என்பான். பிறகு வேலையில்லாத நாளிலும் குடித்தான். குடியை விட்டுவிடுகிறேன் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, கையில் காப்புக் கட்டி, நாற்பத்தொரு நாள் விரதம் இருந்தான். அவனும் அவன் பெண்டாட்டியும் என் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறார்கள். அவன் போவதும் வருவதும் எனக்குத் தெரியாமல் நடக்காது. ஒரு சொட்டு தொடவில்லை.

படகுத்துறையில் வைத்துத்தான் எங்கள் கரகம் ஜோடிப்பார்கள். வேப்பிலையும் அரளியும் சுற்றிய குடத்தை வாழையிலையில் வைத்து, எதிரே விரதக்காரனை நிறுத்தி, மேளம் அடித்து அம்மனை அழைப்பார்கள். அவனுக்கு அருள் வந்தால்தான் குடம் தலைக்கு ஏறும். வராவிட்டால் எங்கள் ஆட்கள் அதற்கு ஒரே அர்த்தம்தான் வைத்திருக்கிறார்கள்: விரதம் கெட்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி வெயில். செண்டைக்காரர்கள் நாலு பேரும் பிரமாதமாக வாசித்தார்கள். ஆபீஸ் தோழிகள் போனில் படம் பிடித்தார்கள். தம்பி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பவன் மாதிரி நின்றான். கால் மணி நேரம் போயிற்று, அரை மணி நேரம் போயிற்று. அவன் நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது. ஒரு விரல்கூட அசையவில்லை. நான் கிட்டே போய் அவன் மாலையை நேராக்கிவிட்டு வந்தேன். எனக்குப் பின்னால் ஒரு பெரியம்மா, காதில் விழட்டும் என்றே, “இவனாவது குடியை விடுறதாவது! எந்தெல்லாம் நாடகம்!” என்றாள். தம்பி பெண்டாட்டி தலையைக் குனிந்துகொண்டாள். நான் திரும்பி ஒரு முறை முறைத்தேன். முறைத்து என்ன பிரயோசனம்? துறையில் நின்ற அத்தனை பேர் முகத்திலும் அதுவே எழுதியிருந்தது.

செண்டைக் கூட்டத்தின் மூத்தவர்தான் கையை நிறுத்தி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“சேச்சி, ஞங்ஙள்டெ அம்பலத்தில் இது கேட்டால் வெளிச்சப்பாடு துள்ளும். நிங்ஙள்டெ அம்மைக்கு இது பரிசயமில்ல. வேறெ கொட்டு வேணும்.”

எங்கள் கோயில் சாமியாடிக்கு இந்தக் கொட்டு போதும், உங்கள் அம்மனுக்கு இது பழக்கமில்லை என்கிறார். கமிட்டியில் ஒருவருக்கும் தோன்றாதது அந்த மனுஷருக்குத் தோன்றியது. எனக்குச் செருப்பால் அடித்தது போல இருந்தது. என் தம்பியின் நாற்பத்தொரு நாளையும் நான் என் கௌரவத்துக்காகக் கவிழ்த்திருக்கிறேன்!

பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்திலிருக்கும் கொச்சங்காடிக்கு ஓடினேன். அங்கே ஒரு பழைய கிடங்கில் கட்டட வேலைக்கு வந்த தமிழ் ஆட்கள் தங்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் உறுமியும் பம்பையும் வைத்துக்கொண்டு அவர்கள் தெருவையே கிடுகிடுக்க வைப்பார்கள். போன மாதம் நானே நேரில் போய் போலீசில் சொல்லிவிடுவேன் என்று மிரட்டிவிட்டு வந்திருந்தேன். இப்போது போய் நின்றபோது, துணி அலசிக்கொண்டிருந்த உறுமிக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னைக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேக்கா. அதுக்குள்ள சண்டைக்கு வந்துட்டீங்க?”

மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் சிரிப்பை நிறுத்தினார். “காலையில கறி தின்னுட்டேனே” என்று சங்கடப்பட்டவர், வாளித் தண்ணீரை அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டு, பம்பைக்காரரையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு, ஈரம் சொட்டச்சொட்ட என் பின்னால் வந்தார்.

உறுமியை நான் அன்றுதான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு பக்கத்தைக் குச்சியால் அடிக்கிறார்கள். இன்னொரு பக்கத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்க்கிறார்கள். தேய்க்கத் தேய்க்க நான் இன்னும் கிட்டே போய் நின்றேன். பம்பையும் சேர்ந்தபோது கால் என் பேச்சைக் கேட்கவில்லை. இதையா நான் முப்பது வருஷம் போர்வைக்குள் படுத்துக்கொண்டு தவறவிட்டேன் என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

தம்பியின் கால் கட்டைவிரல் முதலில் நடுங்கியது. பிறகு முழங்கால், தோள். ஒரு கூவல் போட்டுக் குதித்தான் பாருங்கள், துறையே பின்வாங்கியது! குடம் தலைக்கு ஏறியது. பெண்கள் குலவை போட்டார்கள். எல்லோரையும்விட உரக்கக் குலவையிட்டவள் அவன் பெண்டாட்டி. பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு அவன் காலில் விழப் போனாள்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் கொண்டாட்டம்தான். வீட்டுக்கு வீடு அவன் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். பள்ளிவாசல் முக்கில் எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். மூன்று டம்ளர் குடித்தேன். செண்டைக்காரர்களும் போகவில்லை. உறுமியின் கணக்கைக் காதில் பிடித்துக்கொண்டு கூடவே கொட்டிவந்தார்கள். ஆபீஸ் தோழி ஒருத்தி, “இது எந்து கொட்டாடி?” என்று கேட்டாள். “ஞங்ஙள்டெ கொட்டு” என்று சொல்லிவிட்டு, மேளத்துக்கு முன்னால் போய் ஆடினேன். ஆட்டம் எனக்குத் தெரியாது. யாரும் கேட்கவுமில்லை.

மத்தியானம் கோயில் வாசலில் கூழ் குடிக்க உட்கார்ந்தபோது, தம்பி என் பக்கத்தில் வந்து சம்மணம் போட்டான்.

“துறையில வச்சு மாலையை நேராக்கறேன்னு என் முகத்துக்குக் கிட்ட வந்தியேக்கா, மோந்து பாக்கத்தானே?”

அவனை நன்றாகத் தெரிந்த நான், அவன் குடிக்கவில்லை என்று சத்தியம் செய்யக்கூடிய நான், அதைச் செய்தேன்தான். பொய் சொல்ல வாய் வரவில்லை.

“ஆமாடா. மாப்பு தா.”

“சாரமில்லக்கா, விடு” என்றான். கூழை விரலால் கலக்கிக்கொண்டே இருந்தான். “அந்த அரை மணிக்கூறு எனக்கே சம்சயம் வந்துட்டது. எப்பவாவது குடிச்சுட்டு மறந்துபோயிட்டேனோன்னு ஒவ்வொரு நாளா எண்ணிப் பார்த்தேன். ஒண்ணுமில்லக்கா, நான் குடிக்கலை.”

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த நிம்மதியை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க, வாய்விட்டு அழுதேன்.