கழுவி வைத்த உறை

எனக்கு மூன்றாவது பெண் பிறந்தது 1955ஆம் வருடம், தை அமாவாசைக்கு மறுநாள். அமாவாசைக்கு வந்த கூட்டம் அப்போதும் திருவள்ளூரை விட்டுப் போயிருக்கவில்லை. என்னை ஏற்றிக்கொண்ட ஜட்கா குளத்தெருவில் ஜனங்களுக்கு நடுவே நின்று நின்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. குழந்தை சுலபமாகப் பிறந்துவிட்டது. பிறகுதான் ரத்தம் நிற்கவில்லை. மாசி பிறக்கும்வரை நான் படுக்கையை விட்டு எழவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டரம்மா என் கணவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். என் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை, சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் விட்டுப்போன கோளாறு அது, இன்னொரு பிரசவத்தை இந்த உடம்பு தாங்காது என்றார். அறுவை செய்து கருத்தரிப்பை நிறுத்திவிடலாம் என்றால், மயக்க மருந்தையும் இப்போது தாங்காதாம். ஆண்களுக்குச் செய்யும் அறுவையைப் பற்றி எங்கள் ஊரில் அன்றைக்குப் பேச்சே கிடையாது. “சமாளிச்சுப் பார்க்கலாம்னு நினைக்காதீங்க. மூணு பொண்ணுங்களுக்கும் அம்மா வேணும்” என்று அவர் என் கணவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

நான் தேதிகளோடு வாழ்கிறவள். ஊரில் எந்த வருடம் வெள்ளம் வந்தது, எப்போது எந்தத் தெருவுக்கு மின்விளக்கு வந்தது என்று கேட்டால் பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்கள் என்னிடம்தான் வருவார்கள். அதனால் முதலில் நாள் கணக்கு வழிதான் எனக்குப் பொருத்தம் என்று எண்ணினேன். வாசகசாலையில் கிடைத்த ஒரு உடல்நலப் புத்தகத்தில் அதை விளக்கமாகப் படித்தும் இருந்தேன். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறவர்களுக்கே அது அரைகுறை நம்பிக்கைதான் என்று டாக்டரம்மா சொன்னார். எனக்கோ அந்தப் பிரசவத்துக்குப் பிறகு உடம்பு எந்தக் காலண்டருக்கும் கட்டுப்படவில்லை. எத்தனையோ தேதிகளை நினைவில் வைத்திருந்த எனக்கு என் தேதியே பிடிபடாமல் போனது.

மிச்சம் இருந்தது ரப்பர் உறை. அது முழு உத்தரவாதம் இல்லை. ஆனால் நல்ல உறையாக இருந்து, ஒரு தடவைகூட விடாமல் ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் நாள் கணக்கைவிட எவ்வளவோ மேல் என்றார் டாக்டரம்மா.

என் கணவர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. உள்ளூர் மருந்துக் கடைக்காரர் அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். அதனாலேயே அங்கே போகாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் பட்டணம் போனார். கடையில் பெண்கள் யாரும் இல்லாத நேரத்துக்காக எதிரே இருந்த ஓட்டலில் இரண்டு தடவை காபி குடித்தாராம். கடைசியில் உள்ளே போனால் கடைக்காரர் உரத்த குரலில், கழுவுவதா, போட்டுவிட்டு எறிவதா என்று கேட்டிருக்கிறார். இரண்டு வகை இருப்பதே இவருக்குத் தெரியாது. இரண்டிலும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

அந்த இரண்டு வகைகளையும் நான் ஒப்பிட்டுப் பார்த்தது இன்றும் நன்றாக நினைவிருக்கிறது. மெல்லியது, சுருட்டி மடித்த காகித உறைக்குள் தனித்தனியாக இருந்தது. ஒரு முறைக்குத்தான் ஆகும். கனமானது, வட்டமான தகர டப்பாவில் இருந்தது. கழுவி, நிழலில் உலர்த்தி, சைக்கிள் டியூபுக்குத் தூவுகிற சாக்குப்பொடியைத் தூவிச் சுருட்டி வைத்தால் பல மாதங்களுக்கு வரும் என்று அதிலிருந்த ஆங்கிலக் குறிப்பு சொன்னது. ஒவ்வொரு முறையும் தண்ணீர் நிரப்பி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றும் இருந்தது. ஆனால் இரண்டில் எதிலும் எப்போது செய்தது என்ற தேதி இல்லை. பிஸ்கட் வாங்கினால்கூட நமுத்திருக்கிறதா என்று தின்று பார்த்துக்கொள்ளலாம். என் உயிரையே ஒப்படைக்கப்போகிற பொருள், எத்தனை கோடை அந்தக் கடைத் தட்டில் வெந்தது என்று தெரிந்துகொள்ள வழியில்லை. மெல்லியதில் இரண்டைத் தண்ணீர் ஊற்றிச் சோதித்தேன். ஒன்று நீர் தளும்பக் கனத்து நின்றது. மற்றது அடியில் ஊசிமுனை அளவு கசிந்தது. அதோடு மெல்லியதை நம்புவதில்லை என்று முடிவு செய்தேன்.

கனமானதைப் பற்றி என் கணவர் ஒரே ஒரு முறைதான் முனகினார். “கையில உறைய மாட்டிக்கினு சோறு பெசையற மாதிரி கீதும்மே.”

“பசி கீதா இல்லியா? இருந்தா பெசைங்க” என்றேன். அதற்குப் பிறகு அவர் முனகியதில்லை.

எங்கள் சிரமம் வேறு இடத்தில் இருந்தது. வீட்டில் என் நாத்தனார் இருந்தார். என் கணவருக்கு மூத்தவர். பிள்ளையில்லாமல் கணவரை இழந்து, தம்பியோடு வந்து இருந்தவர். என் மூன்று பெண்களையும் குளிப்பாட்டி வளர்த்தவர் அவர்தான். இதுவும் பெண்ணானால் நாலாவதாவது ஆண் பிள்ளையாகப் பிறக்கட்டும் என்று, மூன்றாவது வயிற்றில் இருந்தபோதே சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா சொன்னது அவருக்கும் தெரியும். ஆனாலும் இந்த உறை அவர் கண்ணில் பட்டால் வீடு என்னவாகும் என்று எனக்குப் பயம். கழுவியதை என் கணவரின் தொங்கும் சட்டைகளுக்குப் பின்னால் காயப்போடுவேன். காய்ந்ததும் டப்பாவில் சுருட்டி, பீரோவின் அடித்தட்டில் பழைய புடவைகளுக்குக் கீழே வைப்பேன்.

1956ஆம் வருடம் ஐப்பசி மழைக்காலத்தில் ஓர் இரவு உறை கிழிந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. விளிம்பிலிருந்து ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. பிறகுதான் பார்த்தோம். அன்றைக்குத் தண்ணீர் நிரப்பிச் சோதித்தபோது கசிவே இல்லை. என் கணவர் விளக்கின் அருகே உட்கார்ந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கார்த்திகை பிறந்தது, எனக்கு வர வேண்டியது வரவில்லை. என் கணக்கு ஒழுங்கில்லாதது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். படி ஏறும்போது மூச்சு வாங்கினால், அது வால்வா, வயிறா என்று தெரியாமல் பாதிப் படியில் நின்றேன்.

டாக்டரம்மாவிடம் போனேன். இப்போதே எதுவும் சொல்ல முடியாது என்றார். கிழிந்த உறையையும் கொண்டுபோயிருந்தேன். அதை இரண்டு விரலால் இழுத்தார். ரப்பர் இழுத்த இடத்தில் திரும்பிச் சுருங்காமல், அழுகிய தோல் மாதிரி பிசுபிசுத்துக்கொண்டு நின்றது. மூக்கருகே கொண்டுபோனவர் என்னைப் பார்த்தார்.

“இதுக்கு எண்ணெய் போட்டீங்களா?”

இல்லை என்றேன். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறி, பலம் கெட்டுவிடும். தண்ணீர்ச் சோதனையில் தேறினாலும் இழுபட்டால் தாங்காது என்று விளக்கினார். உறையை வாங்கி முகர்ந்தேன். தேங்காயெண்ணெய்.

என் கணவர் தொடவில்லை. குழந்தைகளுக்குப் பீரோக் கதவின் கைப்பிடி எட்டாது. வீட்டில் எதையும் எண்ணெய் போட்டுக் காப்பாற்றுகிறவர் ஒரே ஒருவர்தான். கதவுக் கீல், பூட்டு, கத்தரிக்கோல், குடைக் கம்பி, தோல் செருப்பு, தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் ஐப்பசி மழைக்கு முன் நாத்தனார் ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெயும் கந்தலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்த அந்த நேரம் முழுவதும் எனக்குள் ஓடியது ஒரே எண்ணம். தெரிந்தே செய்திருக்கிறார். ஆண் பிள்ளைக்காக.

மத்தியானம். நாத்தனார் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்தேன். முறத்தில் கிடந்த நெல் இரண்டைப் பொறுக்கிப் போட்டுவிட்டுக் கேட்டேன்.

“அண்ணி, பீரோ அடித்தட்டுல ஒரு தகர டப்பா இருந்துதே. அதுக்கு எண்ணெ போட்டது நீங்களா?”

“டப்பாவுக்கு இல்ல. உள்ள இருந்ததுக்கு” என்றார், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அது இன்னான்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாம இன்னா. எங்க ஊட்டுக்காரரு பட்டாளத்துல இருந்தாரு. லீவுல வரச்சொல்ல பொட்டில கெடக்கும்.”

“அப்ப ஏன் அண்ணி?”

“உன் வெந்நீர்ப் பை காஞ்சி காஞ்சி வெடிச்சிது பாத்தியா, போன மார்கழில? அந்த மாதிரி இதுவும் வெடிச்சா உன் உசுருக்கு யாரு பதிலு சொல்றது? நீங்க ரெண்டு பேரும் வெறும் பொடியத் தூவி வெச்சிக்கினு இருந்தீங்க. பீரோ கீலுக்கு எண்ணெ போடச்சொல்ல டப்பாவப் பாத்தேன். உங்களாண்ட கேக்க எனுக்குக் கூச்சமா இருந்துது. அதான் ஒரு பூச்சு பூசி வெச்சேன்.”

“வெடிக்க வெச்சதே எண்ணெதான் அண்ணி.”

முறம் நின்றது. என்ன நடந்தது, டாக்டரம்மா என்ன சொன்னார் என்று சொன்னேன். எத்தினி நாள் தள்ளிப் போயிருக்கு என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அவர் கையில் இருந்த அரிசியை முறத்திலேயே போட்டுவிட்டு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

“நீங்க ஆம்பளப் புள்ள வோணும்னு கேட்டுக்கினு இருந்தீங்க” என்றேன். எப்படியோ வந்துவிட்டது.

“கேட்டேன். டாக்டரம்மா சொல்றதுக்கு மின்ன. அப்பால ஒரு தபா கேட்டனா? சொல்லு.”

யோசித்தேன். அந்த மாசிக்குப் பிறகு ஒரு நாள்கூட அந்தப் பேச்சை அவர் எடுத்ததில்லை. ஊரில் நடந்ததையெல்லாம் தேதியோடு சொல்கிற நான், என் வீட்டில் ஒரு பேச்சு நின்றுபோனதைக் கவனிக்கவில்லை. வந்தவற்றைத்தான் குறித்திருந்தேன்.

அதற்கப்புறம் காத்திருந்தது நாங்கள் இருவரும். கிணற்றில் தண்ணீர் இழுக்க என்னை விடமாட்டார். கடைக்குட்டியை என் இடுப்பில் ஏற்றவிடமாட்டார். காலையில் நான் கொல்லைப்பக்கம் போய்த் திரும்பினால், அடுப்படியிலிருந்தபடியே என் முகத்தைப் பார்ப்பார். நான் இல்லையென்று தலையை ஆட்டுவேன். பிறகு காபியைக் கொடுப்பார். உறைகளைப் பற்றி அந்த நாட்களில் நிறைய யோசித்தேன். கனமா மெல்லியதா என்று நான் ஒப்பிட்டது பாதிக் கணக்கு. கனமானதன் பலம், அதைக் கழுவுகிறவர், உலர்த்துகிறவர், வைக்கிறவர் என்று பல கைகளில் இருந்தது. அந்தக் கைகளில் ஒன்றுக்கு நாங்கள் எதையும் சொல்லவில்லை. மெல்லியதற்கு இந்தத் தொல்லை கிடையாது. கெட்டது ஒன்று வந்தால் அந்த ஒன்றோடு போகும்; புதுச்சரக்கு விற்கிற கடையைப் பார்த்து வாங்கி, வெயில் படாமல் வைத்தால் போதும்.

கார்த்திகை தீபத்துக்கு வீடு துடைத்துக்கொண்டிருந்த காலையில் எனக்கு வந்தது. என் கணவர் வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவரிடம் முதலில் சொல்லத் தோன்றவில்லை. அடுப்படிக்குப் போய் நின்றேன். நாத்தனார் நிமிர்ந்து பார்த்தார். நான் இந்தத் தடவை தலையை ஆட்டிய விதம் அவருக்குப் புரிந்தது. அடுப்பு ஊதும் குழலைக் கீழே வைத்துவிட்டு, காபியை ஆற்றி என்னிடம் கொடுத்தார்.

பிறகு எழுந்து வாசல் நிலைப்படிக்குப் போனார். தம்பியைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துப் பேசினார்.

“டே தம்பி. பட்டணம் போனா, போட்டுட்டு எறியறது ஒண்ணு கீதாமே, அத்தயே வாங்கியா. கழுவறது, காய வெக்கறது எல்லாம் இந்த ஊட்ல ஆவாது. பேஜாரு.”

என் கணவர் செய்தித்தாளை முகத்துக்கு மேலே தூக்கிக்கொண்டார். தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“எவ்ளோ வாங்கறது?”

“தீந்து போவாத அளவுக்கு” என்று சொல்லிவிட்டு நாத்தனார் உள்ளே வந்தார்.