முனியப்பன் ஏற்றுக்கொண்ட ஜப்திக் குதிரை

தலைச்சோலை அங்கப்பன் தன் வாழ்நாளில் ஒரே ஒரு வழக்குப் போட்டான். அதில் ஜெயிக்கவும் ஜெயித்தான். தோற்றிருந்தால் பிழைத்திருப்பான்.

ரப்பர் என்றால் ஊர் உலகமே பைத்தியம் பிடித்து அலைந்த காலம் அது. ஏற்காட்டில் ஹார்ட்லி துரை என்றொருவர் மலை ரப்பர் கம்பெனி தொடங்கி ஷேர் விற்றார். நம்பாதவர்களைப் பங்களாவுக்கு வரவழைத்து, தோட்டத்து மூலையில் நின்ற மூன்று ரப்பர் மரங்களைக் கீறிப் பால் வடியக் காட்டினார். மீதி ஆயிரக்கணக்கான மரங்களும் காகிதத்தில்தான் முளைத்திருந்தன. அங்கப்பன் காகிதத்தைப் பார்க்கவில்லை, பாலைப் பார்த்தான். ஓடையோரத்துச் சாமைக் காட்டைச் சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரரிடம் அடமானம் வைத்து ஷேர் வாங்கிவிட்டான். அவனிடம் உருப்படியாக இருந்த நிலம் அது ஒன்றுதான், மற்றதெல்லாம் பாறை.

அடுத்த மழைக்குள் கம்பெனி மூழ்கியது. துரை மட்டும் நனையவே இல்லை.

காட்டை மீட்டாக வேண்டும் என்று அங்கப்பன் சேலத்துக்கு இறங்கினான். பாறை இடுக்கில் நின்ற நாலு காப்பிச் செடியில் வந்த காசையெல்லாம் வக்கீலிடம் கொட்டினான். ஜெயித்தால் ஒரு மண்குதிரை செய்து வைக்கிறேன் என்று முனியப்பனிடமும் வேண்டிக்கொண்டான். முனியப்பன் வக்கீலைவிட மலிவு. நடந்தது மோசடிதான், பணத்தை வட்டியோடு திருப்பித் தரவேண்டும் என்று முன்சீப் தீர்ப்புச் சொன்னபோது அங்கப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏனுங் சாமி, பணத்த எந்த ரூம்புல குடுப்பாங்க?" என்று வக்கீலைக் கேட்டான்.

"தீர்ப்புதானப்பா வந்திருக்கு. பணம் வேணும்னா அதுக்குத் தனியா மனுப் போடணும்," என்றார் வக்கீல். அதற்குத் தனியாக ஃபீஸும் உண்டு.

மனுப் போட்டார்கள். ஜப்தி செய்யும் கோர்ட்டு அமீனா சின்னையன், அங்கப்பன் கட்டிய வழிச்செலவுப் பேட்டாவில், மட்டக்குதிரை ஏறி, அவனையும் கூட்டிக்கொண்டு மலைக்கு வந்தார். பங்களா வாசலில் பட்லர் சின்னத்தம்பி நின்றுகொண்டு ஒவ்வொன்றாக விளக்கினான். பங்களா துரைசாணியம்மா பேரில் இருக்கிறது. எஸ்டேட் மச்சினர் பேரில். மேஜை நாற்காலி மாமியார் கொடுத்தவை. அந்த வீட்டில் துரைக்குச் சொந்தமென்று துரையைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஆனால் ஜம்பம் என்று ஒன்று இருக்கிறதே! லாயத்தில் ஒரு செவலைக் குதிரை நின்றது. பந்தயத்தில் அது வெள்ளிக் கோப்பை ஜெயித்தபோது, சொந்தக்காரர் என்று தன் பெயர் பத்திரிகையில் வரவேண்டும் என்ற ஆசையில் துரை அதை மட்டும் தன் பேரிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அமீனா குதிரையை ஜப்தி செய்துவிட்டார்.

"ஏலம் வர்ற வரைக்கும் இது உங்கிட்டத்தான் இருக்கணும்," என்றார் அமீனா.

"தீவனமுங்க?"

"அதுவும் நீதான். ஜெயிச்சவன் நீதானே?"

நியாயம் எப்படி இருக்கிறது பாருங்கள். ஏமாற்றியவனின் குதிரைக்கு ஏமாந்தவன் தீனி போடவேண்டும். போடுகிற தீனியையாவது அது தின்றதா? சாமை வைக்கோலை முகர்ந்துவிட்டுத் தும்மியது. அங்கப்பன் கடன் சொல்லிக் கொள்ளு வாங்கி, வேகவைத்து, வெல்லம் கலந்து வைத்தான். அவன் மனைவி காளியாயி தினமும் கம்பங்கூழைக் கரைத்துக்கொண்டே அந்த வெல்லத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். "இந்த ஊட்டுல நொம்ப நல்லாத் திங்கறது அந்த நாலுகால் துரைதானுங்க," என்றாள்.

ஆனாலும் குதிரை மினுமினுத்தது. நல்ல விலைக்குப் போகும், காடு திரும்பிவிடும் என்று அங்கப்பன் நம்பினான். அந்த நம்பிக்கையில்தான் புத்தியைக் கெடுத்துக்கொண்டான். ஏலத்தன்று விடிகாலையில், விலை ஏறவேண்டும் என்று குதிரையை முனியப்பன் கோயிலுக்கு ஓட்டிப்போய், மாலை போட்டு, ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை அதன் தலையில் ஊற்றினான். மார்கழி மாதத்து ஏற்காட்டுக் குளிர்! குதிரை கழுத்திலிருந்து வால்வரை ஓர் உதறு உதறியது.

பார்த்துக்கொண்டிருந்த ஊர் கையெடுத்துக் கும்பிட்டது. மஞ்சள் தண்ணீர் பட்ட உருப்படி உடம்பை உதறிவிட்டால் சாமி அதை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். அங்கப்பனுக்கும் அது தெரியும். ஆட்டுக்குத்தானே அந்தக் கணக்கு, குதிரைக்கு எங்கே என்று நினைத்துவிட்டான். பூசாரி கருப்பண்ணன் அப்படி நினைக்கவில்லை. "மண்குதிரைய நீ தள்ளிப் போட்டே. சாமி உசுருக் குதிரையவே எடுத்துக்கிச்சு," என்றார்.

சேதி அவனுக்கு முன்னால் ஏற்காட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஏலத்தில் டமாரம் அடித்தார்கள், அமீனா தொண்டை கிழியக் கூவினார். மலைக்காரன் ஒருவனும் வாய் திறக்கவில்லை. சாமி சொத்தை விலை கேட்க எவனுக்குத் தைரியம் வரும்? மற்ற துரைமார்களும் கேட்கவில்லை. கிளப்பில் ஒன்றாக உட்கார்ந்து குடிப்பவன் குதிரையை விலை கேட்பது அவர்கள் சாமிக்கு ஆகாது போலிருக்கிறது. கடைசியில் பட்லர் சின்னத்தம்பி ஒரு கன்றுக்குட்டியின் விலைக்குக் கேட்டு, துரைசாணியம்மா பேரில் முடித்துக்கொண்டான். அதோடு அந்தக் குதிரையும் சட்டப்படி பத்திரமாகிவிட்டது. கிடைத்த காசு கொள்ளுக் கடனுக்கே போதவில்லை.

முனியப்பன் துரையைச் சும்மா விடமாட்டான் என்று ஊர் காத்திருந்தது. அங்கப்பன் கொள்ளின் வலுவில் குதிரை இன்னொரு கோப்பையை ஜெயித்தது.

அப்புறம் ஒருநாள் காலையில் அதே அமீனா சின்னையன் தலைச்சோலைக்கு வந்தார். இந்தத் தடவை அடமானக் கடனுக்காக மண்டிக்காரர் கோர்ட்டில் வாங்கிய டிக்ரி. துரை வாசலில் அவ்வளவு திணறிய சட்டம், அங்கப்பன் வாசலில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் காட்டில் ஏல நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போய்விட்டது.

அங்கப்பன் யோசித்தான். சாமி சொத்தென்றால் யாரும் ஏலம் கேட்கமாட்டார்கள் என்பது அவன் காசு கொடுத்துக் கற்ற பாடம். ஏலத்தன்று ஊரைக் கூட்டிவைத்துக்கொண்டு, சாமைக் காட்டில் மஞ்சள் தண்ணீர் தெளித்தான். சேர்வராயன் மலையிலிருந்து காற்று இறங்கியது. காடு முழுவதும் கதிர்கள் உதறின. ஊர் கும்பிட்டது. அங்கப்பனும் வாய்விட்டு அழுதுகொண்டே கும்பிட்டான்.

ஊரார் ஒருவரும் ஏலம் கேட்கவில்லை. மண்டிக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, முனியப்பன் இருந்த திசைக்கு ஒரு தேங்காய் உடைத்து, பயபக்தியோடு அடிமாட்டு விலைக்குக் கேட்டார். போட்டிக்கு ஆளில்லாததால் அதற்கே முடிந்தது. காடும் போய், கடனிலும் பாதி அப்படியே நின்றது.

கூட்டம் கலைந்த பிறகு காளியாயி வரப்பில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, அன்னிக்கு அமீனாவோட அந்த பங்களா வாசல்ல போயி நின்னீங்க. பங்களாவப் பொண்டாட்டி பேர்ல எழுதி வெச்சிருக்கறத அந்தப் பட்லர் சொன்னானே, கேட்டீங்கல்ல?"

"கேட்டேன்."

"இந்த ஒரு காட்ட எம் பேர்ல எழுதோணும்னு உங்களுக்குத் தோணவே இல்லீங்களா?"

அங்கப்பன் எழுந்து, அடுத்தவன் காடாகிவிட்ட அந்தச் சாமையை மிதிக்காமல் வரப்போடு நடந்து வீட்டுக்குப் போனான்.