காட்டைப் பங்கு போட்டவர்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாய் ஓயாது. தொழில் அப்படி. இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்கள் பயந்து அலறாமல் இருக்க, கதவுக்கு இந்தப் பக்கம் நின்று எதையாவது பேசிக்கொண்டேதான் ஸ்பேனரைத் திருக வேண்டும். அந்தப் பழக்கத்தில் பெண்டாட்டியிடமும், அவள் எங்கோ மாட்டிக்கொண்டவள் போலவே பேசினார்.

ரயில் பாதைக்கும் அடுக்குமாடிகளுக்கும் இடையில், யாரோ விற்க மறந்துபோன மாதிரி ஒரு சின்னக் காடு. தினமும் காலையில் இருவரும் அங்கே நடப்பார்கள். அவர் மரம் மரமாக விளக்கம் சொல்வார். பாதி தப்பு, மீதி அந்த நேரத்துக்கு வாயில் வந்தது.

"கொஞ்ச நேரம் பேசாம வாங்களேன்" என்றாள் ஒருநாள்.

பேசாமல் நடப்பதன் நன்மைகளைப் பற்றி வேலி வரைக்கும் பேசினார்.

மழைக்கு முன்னால் பிரிந்துவிட்டார்கள். சாமான்களைப் பிரித்துக்கொடுக்க அவளுடைய அண்ணன் வந்தார். ஃப்ரிட்ஜ் அவளுக்கு, வாஷிங் மெஷின் இவருக்கு. சோபாவை இருவருமே வேண்டாம் என்றதால் அது அண்ணன் தலையில் விழுந்தது.

"அவ்வளவுதானே மாப்ள?"

"காடு இருக்கே, மச்சான்."

"காடா? உங்கப்பா வாங்கிப் போட்டதா அது?"

"நேருக்கு நேர் முட்டிக்கக் கூடாதில்ல. காலைல அவ நடக்கட்டும். நான் சாயங்காலம் போய்க்கிறேன்."

காலைதான் நல்ல பங்கு. பறவை, பனி, புதுப்பூ எல்லாம் அதில் சேர்த்தி. சாயங்காலத்தோடு கொசுதான் வரும். தெரிந்தேதான் கொடுத்தார். அவள் குனிந்த தலை நிமிராமல் "சரி" என்றாள்.

மழைக்காலத்தில் சேற்றுப் பாதையில் சின்னதாய்ச் செருப்பில்லாத காலடிகள் பதிந்திருந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறாள் என்று நினைத்தார். அவற்றை மிதிக்காமல் ஓரமாகப் போய், இரண்டு முறை வழுக்கி விழுந்தார். பனி நாட்களில் இலை உதிர்ந்தது. அவளுக்குச் சறுக்கக் கூடாதே என்று காலாலேயே ஒதுக்கிவிட்டு வந்தார். வெயில் ஏறியபோது காடு பொரித்தெடுத்தது போல் மொறுமொறுத்தது. இத்தனை மாதமும் காட்டுக்குள் வாயைத் திறக்கவில்லை. பேசாமல் நடக்கப் பழகிக்கொண்டிருந்தார். ஊரே ஊமையானாலும் இவர் ஆகமாட்டார் என்று பந்தயம் கட்டக்கூடிய மனிதர்.

வேலியோரத்து மரங்கள் சிவப்பாகப் பூக்கத் தொடங்கிய வாரம், ஒப்பந்தத்தை மீறினார். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, காலையிலேயே காட்டு வாசலில் போய் நின்றார். 'பேசாம நடக்க வந்துடுச்சு. வீட்டுக்கு வா.' சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

வெயில் வந்த பிறகும் அவள் வரவில்லை. உள்ளேயிருந்து துடைப்பத்தோடு வந்தது தினமும் பாதையைப் பெருக்குகிற அம்மாள்.

"என்ன சார், இன்னிக்கு காலைலயே?"

"எங்க வீட்டம்மா வந்துட்டுப் போய்ட்டாங்களா?"

"அவங்களா? ரெண்டு பேரும் சேந்து வந்தீங்களே, அதோட சரி. அப்புறம் நான் பாக்கவே இல்லயே."

அந்த அம்மாள் திரும்பி நடந்தாள். வெறுங்கால். சின்னக் கால். மெக்கானிக் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மச்சானுக்குப் போன் அடித்தார்.

"அவளா? காட்டுக்கா? அவளுக்குப் புழு பூச்சின்னாலே ஆகாதே மாப்ள. நீங்க கூப்டீங்கன்னு வந்தா."

"பிடிக்கலன்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. ஏன் சரின்னா?"

"நானும் கேட்டேன். இவ்வளவு நாள்ல அவரா ஒண்ணு குடுத்தாரு, எப்படி வேண்டாங்கறதுன்னு சொன்னா."

தலைக்கு மேலே ஏதோ ஒரு பறவை கத்தியது. பேர் தெரியாததற்கும் பேர் வைத்துவிடுகிற மனிதர், அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

"பக்கத்து ரூம்லதான் இருக்கா, தூங்குறா. இப்பல்லாம் எட்டு மணி வரைக்கும் நல்லா அசந்து தூங்குறா. எழுப்பட்டுமா மாப்ள?"

"வேண்டாம், மச்சான்" என்றார். "தூங்கட்டும்."